ரேடியோகிராம் பெட்டிக்குள் கார் ரேடியோ: சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு ஸ்டீரியோ

நாலடி நீள ரேடியோகிராம். வால்நட் நிற வெனீர், சாய்ந்த கால்கள் நான்கு. மூடியைத் தூக்கினால் இடப்பக்கம் ரெக்கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் ரெக்கார்டு சேஞ்சர், வலப்பக்கம் ரேடியோ. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் முன்னறையில் பல வருஷமாகப் பூச்சாடி வைக்கும் மேசையாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய ஆயா. கல்யாணமாகி அவர் போனது மேகசின் பராக்ஸுக்கு. நகராட்சி வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்துவைக்க 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி 1960களில் அவர்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது, தவணை கட்டி முடியாத இந்தப் பெட்டியும் லாரியில் ஏறி வந்ததாம். இந்த நாட்டில் முறையான டிவி ஒளிபரப்பு தொடங்கியதே 1976 ஜனவரியில்தான். அதுவரைக்கும் வீட்டில் இருந்த ஒரே பொழுதுபோக்கு இது என்பதால் ஆயாவுக்கு அதன்மேல் இருந்த பிடிப்பு எனக்குப் புரிந்தது.

அவர் கேட்டது இவ்வளவுதான்: “ரெக்கார்டு பாடணும், கேசட்டுல இருக்கிற பாட்டு கேக்கணும், லோட்டஸ் ரேடியோ வரணும். கரண்ட் போனாலும் பாடணும். அப்புறம் தம்பி, சத்தம் இந்தப் பெட்டியிலேருந்தே வரணும். புதுசா ரெண்டு டப்பாவைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தாத.”

கடைசி வரிதான் இந்த வேலையிலேயே கடினமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பிழைப்பு கேட் மோட்டாரும் அலாரமும். ஆடியோ பொழுதுபோக்கு. ஆயாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், கராஜில் எதையும் தூக்கிப் போடாத ரகம். அங்கே கிடைத்தவை: 1990களின் மினி ஹைஃபை ஒன்று, அதன் ஸ்பீக்கர்கள் இரண்டு, விற்றுவிட்ட பக்கியிலிருந்து (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) கழற்றிய கார் ரேடியோ, செத்த லேப்டாப்புகளின் சார்ஜர்கள் ஒரு வாளி நிறைய.

முதல் பரிசோதனை

அண்ணா ஏற்கெனவே ஒருமுறை ரேடியோகிராமைச் சுவரில் சொருகிப் பார்த்திருந்தார். வீடு முழுக்க இருட்டு: எர்த் லீக்கேஜ் விழுந்துவிட்டது. அந்த ஸ்விட்ச் விழுந்ததே நல்ல செய்தி. ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் பூமிக்குக் கசிந்தாலே அது துண்டித்துவிடும். கடலோரக் காற்றில் பல பத்தாண்டு ஈரம் குடித்த டிரான்ஸ்ஃபார்மரில் அந்த அளவு கசிவு சாதாரணம். இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்கும் அது உட்கார்ந்திருக்கும் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் நடுவே இன்சுலேஷன் பெயரளவுக்குத்தான் மிச்சம். உள்ளே மெயின்ஸ் ஒயரின் ரப்பர் உறை விரல் பட்டதும் உதிர்ந்தது.

ஆம்ப்ளிஃபயர் இசிஎல்82 என்ற கண்ணாடிக் குழல் வால்வுகள் போட்ட ஸ்டீரியோ. அதைப் பழுது பார்க்க முடியும். மெழுகுக் காகித கப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, பில்டர் கப்பாசிட்டர்களை மாற்றி, டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தால் அழகாகப் பாடும். ஆனால் அது இன்னொரு வேலை, இன்னொரு செலவு. கரண்ட் போனாலும் பாட வேண்டும் என்ற ஆசைக்கும் அது ஒத்துவராது, ஏனென்றால் அந்த வால்வுகளுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. சேசிஸை அப்படியே முழுசாகக் கழற்றி, துணியில் சுற்றி, அண்ணாவின் கராஜிலேயே வைத்துவிட்டோம். வால்வு செட் பழுது பார்க்கிறவர் யாராவது அகப்பட்டால் அவருக்குப் பொக்கிஷம்.

கழற்றப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற வோல்ட்டேஜ் நிற்கும். மீட்டரால் அளந்து, ரெசிஸ்டர் வழியாக இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். வால்வுகளுக்கு மேலே மரத்தைச் சூட்டிலிருந்து காக்கச் சாம்பல் நிற அட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது

பழைய சாமான் வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு ஒன்றுதான். மரம், செம்பு, இரும்பு, காந்தம் ஆகியவை பழசாக இருந்தால் பரவாயில்லை. ரப்பர், நுரை, எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர், பேட்டரி ஆகியவற்றைப் புதிதாக வாங்கிவிட வேண்டும். முதல் கூட்டம் சும்மா கிடந்தால் கெடாது. இரண்டாவது கூட்டம் சும்மா கிடந்தாலே கெடும், அதிலும் டர்பனின் ஈரத்தில் இன்னும் வேகமாக. “ஒரு காசு செலவில்லாமல் பண்ணினேன்” என்று பெருமை பேசுகிறவர்களின் செட் ஆறு மாதத்தில் இருமத் தொடங்குவதற்குக் காரணம், இரண்டாவது கூட்டத்திலும் பழசையே போட்டதுதான்.

இதன்படி பார்த்தால் பெட்டியின் மரம், ஸ்பீக்கர்களின் காந்தமும் கூடும், சேஞ்சரின் இரும்பும் மோட்டாரும் இருக்கட்டும். மினி ஹைஃபையின் கேசட் டெக் போகட்டும். அதன் பெல்ட் தாராக உருகிப் புல்லிகளில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து மாற்றினாலும், ஹெட்டின் சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட் செத்துப்போன மெயின் போர்டிலேயே இருக்கிறது. தனியே பிரித்தெடுக்க நான் முயலவில்லை. ஆயாவின் கேசட்டுகள் பெரும்பாலும் கோயிலில் பதிந்தவை, காவடிப் பாட்டும் திருப்புகழும். நல்லதொரு டெக்கை இரவல் வாங்கி அவற்றைக் கணினிக்கு மாற்றி, யூஎஸ்பி குச்சியில் போட்டுவிட்டேன். பழைய கார் ரேடியோக்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த குச்சியைத்தான் படிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏன் கார் ரேடியோ

இணையத்தில் இந்த மாதிரி வேலைக்கு எல்லாரும் சீன ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கச் சொல்வார்கள். வாங்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அதோடு ப்ளூடூத் போர்டு, எஃப்எம் போர்டு, டோன் கண்ட்ரோல், ரிமோட் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அத்தனைக்கும் நடுவே, கிரவுண்ட் ஒயர்கள் பல இடத்தில் சேர்வதால் வரும் கிரவுண்ட் லூப் இரைச்சல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கார் ரேடியோவில் இவையெல்லாம் ஒரே டப்பாவில் இருக்கின்றன. குலுக்கலுக்கும் வெயிலுக்கும் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டது. முன்பக்கம் 180க்கு 50 மில்லிமீட்டர், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பேட்டரியில் ஓடுவதற்கென்றே பிறந்தது.

சத்தம் போதுமா? ரேடியோவின் மேல் 4×50 வாட் என்று அச்சடித்திருக்கும். அதை மறந்துவிடுங்கள். இந்த வகை ஆம்ப்ளிஃபயர் கொடுக்கக்கூடிய உச்சம், சப்ளை வோல்ட்டேஜின் வர்க்கத்தை ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். 13.7 வோல்ட், 6 ஓம் என்றால் 15.6 வாட். உள்ளே ஆகும் இழப்பைக் கழித்தால் பத்துக்குச் சற்று மேல். கரண்ட் போய், பேட்டரி 12.2 வோல்ட்டில் நிற்கும்போது கணக்கு 12.4 வாட். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டெசிபெல், காதுக்குத் தெரியாது. பன்னிரண்டடி முன்னறையில் ஆயா கேட்கும் அளவுக்கு ஒரு வாட்டே அதிகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரேடியோகிராமின் பழைய ஒயரிங்கில் இரண்டு ஸ்பீக்கர்களின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்து சேசிஸுக்குப் போயிருந்தது. கார் ரேடியோவில் அப்படிச் செய்தால் ஐசி போய்விடும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் அது தனித்தனியே ஓட்டுகிறது. மீட்டரை வைத்துப் பார்த்தால், பூமிக்கும் எந்த ஒயருக்கும் நடுவே சப்ளையில் பாதி, ஏறக்குறைய 6.8 வோல்ட், நிற்கும். இரண்டு ஒயர்களுக்கும் நடுவே பூஜ்யம். ஆகவே பழைய ஸ்பீக்கர் ஒயரிங் முழுவதையும் அறுத்தெறிந்தேன். வெள்ளை ஜோடி இடது, சாம்பல் ஜோடி வலது. பின் ஸ்பீக்கருக்கான பச்சை, ஊதா ஜோடிகளை ஒவ்வொரு ஒயராகத் தனியே டேப் சுற்றி மூடினேன். மஞ்சள், சிவப்பு இரண்டும் சப்ளைக்கு. சிவப்பில் மட்டும் ஒரு ஸ்விட்ச்.

கரண்ட்

2007-08இல் ஆரம்பித்த லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, 2023இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் கடைசியில் நின்று, மறுவருஷம் ஜனவரி கடைசியில் மறுபடி எட்டிப் பார்த்தது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு இருக்கிறது, சப் ஸ்டேஷன் கோளாறு இருக்கிறது. இங்கே ஸ்டீரியோ கட்டுகிறவர் இதை ஒதுக்கிவிட்டு யோசிக்க முடியாது.

செய்தது எளிது. 19 வோல்ட், 65 வாட் லேப்டாப் சார்ஜர் ஒன்று. அதிலிருந்து வோல்ட்டேஜையும் கரண்டையும் திருகி நிறுத்தக்கூடிய, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சின்ன பக் கன்வர்ட்டர் ஒன்று. வோல்ட்டேஜ் 13.7இல், கரண்ட் 2 ஆம்பியரில். அந்த வெளியீட்டில் கேட் மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதோடு இணையாகக் கார் ரேடியோ. மாற்று ஸ்விட்ச் கிடையாது, ரிலே கிடையாது. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், வந்தால் சார்ஜ் ஆகும். பாட்டு நடுவில் விக்கக்கூட விக்காது. இந்த இரண்டு எண்களும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்டாண்ட்பை உபயோகத்துக்கு 13.5 முதல் 13.8 வரை, தொடக்கக் கரண்ட் 2.1 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று இந்த வகை பேட்டரிகளின் முதுகிலேயே பொதுவாக அச்சடித்திருக்கும். யாரும் படிப்பதில்லை.

கம்ப்யூட்டர் பவர் சப்ளை போடலாமே என்று அண்ணா கேட்டார். அதன் 12 வோல்ட் இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, விசிறி வேறு இரையும். வேண்டாம் என்றேன்.

பேட்டரி புதிது. கேட்டிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிகள் என் வண்டியில் எப்போதும் கிடக்கும். அவற்றில் ஒன்று ரேடியோவை ஓட்டவும் ஓட்டும். ஆனால் நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உள்ளே ஷார்ட் ஆகி உப்பினால், அது உட்கார்ந்திருப்பது ஒரு மரப்பெட்டிக்குள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் கார் ஃப்யூஸ், பெட்டியின் பின்பலகையில் காற்றுத் துளைகள், 11.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் துண்டிக்கும் கட்-ஆஃப் போர்டு. இந்த மூன்றையும் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆயா வைக்கும் சத்தத்தில் ரேடியோ 0.7இலிருந்து 0.9 ஆம்பியர் வரை இழுத்தது. பேட்டரியின் பாதியை மட்டும் செலவழித்தாலும் நாலு மணி நேரம் பாடும். லோட் ஷெடிங் வேளை இரண்டு மணி நேரம், ரொம்ப மோசமானால் நாலு. சரியாகிவிட்டது.

சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று பின் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு பின் சார்ஜர்களின் வெளியீடு எதோடும் சேராமல் மிதக்கும். உலோகத்தைத் தொட்டால் விரலில் ஒரு சுரீர் இருக்கும், ஊசியைத் தாங்கும் ரெக்கார்டு கையின் வழியே அது இரைச்சலாகவும் வரும்.

பெட்டியிலிருந்தே சத்தம்

இப்போது ஆயாவின் கடைசி வரி. ஊசி ரெக்கார்டின் பள்ளத்தில் ஓடுகிறது. அதே மரத்தில் ஸ்பீக்கர் அதிர்கிறது. அதிர்வு மரம் வழியாக ஊசிக்குப் போய், மறுபடி பெருகி, ஸ்பீக்கருக்கு வந்து, ஒரு கட்டத்தில் ஊளையிடத் தொடங்கும். பழைய ரேடியோகிராம்களில் பாஸ் குறைவாக இருந்ததால் இது அடங்கிக் கிடந்தது. மினி ஹைஃபை ஸ்பீக்கர்களை அங்கே வைத்தால் அடங்காது.

முதலில் ஸ்பீக்கர்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கோனின் ஓரத்து நுரை, தேநீரில் ஊறின ரஸ்க் மாதிரி தொட்டதும் கையோடு வந்தது. புது நுரை வளையம் வாங்கி ஒட்டினேன். இதில் முக்கியம் ஒட்டுவது இல்லை, நடுவில் நிறுத்துவது. நடு மூடியைக் கத்தியால் கீறி எடுத்து, வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய பட்டைகளைச் சுற்றிலும் சொருகி, பசை காய்ந்த மறுநாள் உருவிவிட்டால் காயில் எங்கேயும் உரசாது. கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் இருந்த 4.7 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு அதே அளவு ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டேன். 6 ஓமுக்கு அது 5,600 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரிக்கும். ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்த்து, இரண்டு கோனும் ஒரே திசையில் நகர்வதை உறுதி செய்தேன். ஒன்று முன்னே, ஒன்று பின்னே போனால் பாஸ் காணாமல் போகும். ஆட்கள் ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவார்கள்.

பிறகு ஸ்பீக்கர்களை அவற்றின் சொந்தப் பெட்டியோடே வைத்தேன். பிளாஸ்டிக் முகப்பை மட்டும் கழற்றி, பின்னாலிருந்த காற்றுக் குழாயைப் பஞ்சால் அடைத்து, ரேடியோகிராமின் இரண்டு ஓரங்களிலும் பழைய துணித்திரைக்குப் பின்னால் படுக்கவைத்தேன். அடியில் கெட்டியான ரப்பர் ஷீட், மற்றெல்லாப் பக்கமும் விரல் அளவு இடைவெளி. ஸ்பீக்கர் பெட்டியின் மரம் ரேடியோகிராமின் மரத்தை எங்கும் தொடாது. சேஞ்சருக்கு அடியில் ஏற்கெனவே ஸ்பிரிங்குகள் உண்டு. போக்குவரத்துக்காக முடுக்கிய போல்ட்டுகள், லாரியில் வந்த நாளிலிருந்து தளர்த்தாமலேயே இருந்தனவோ என்னவோ, இறுகிக் கிடந்தன. தளர்த்தியதும் சேஞ்சர் மிதந்தது.

சோதிக்க ஒரு வழி உண்டு. ரெக்கார்டைச் சுழலவிடாமல் ஊசியை மட்டும் அதன்மேல் இறக்கி, வால்யூமை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ரப்பர் இல்லாமல் வைத்துப் பார்த்தபோது பாதியிலேயே ஊளை வந்தது. ரப்பரோடும் தளர்ந்த ஸ்பிரிங்கோடும் ஆயா வைக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போனாலும் அமைதி.

அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துச் சேஞ்சர்களில், ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகமாக இருப்பது செராமிக் பிக்கப். அது மின்சார ரீதியில் ஒரு சின்ன கப்பாசிட்டர்தான். 800 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ரேடியோவில் வெளிச் சாதனத்தைச் சொருகும் ஆக்ஸ் உள்ளீட்டை 20 கிலோ ஓம் என்று எடுத்துக்கொண்டு நேராகக் கொடுத்தால் சுமார் 10,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே சரியத் தொடங்கும். தகர டப்பாச் சத்தம்தான் வரும். நடுவில் டிஎல்072 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி ஒன்றை வைத்து, அதன் உள்ளீட்டில் 2.2 மெகா ஓம் போட்டால் அந்த எல்லை 90 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பாட்டுக்கு அது போதும். 90க்குக் கீழே இயல்பாகவே சரிவதால், மரத்தின் வழியே வரும் ஆழமான அதிர்வும் சேஞ்சர் மோட்டாரின் உருமலும் கூடவே குறைந்தன. காந்த பிக்கப் போட்டுத் தரத்தை உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால், இந்தப் பெட்டிக்கு அது கெடுதல் என்பேன்.

ஐசி போர்டைக் கார் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைக்காமல், ரெக்கார்டு கையின் அடியிலேயே ஒரு தகர டப்பாவில் வைத்தேன். இவ்வளவு அதிக ஓமில் இருக்கும் ஒயர் நீளமாகப் போனால், பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் ஹம் அதில் ஏறிவிடும். விரல் நீளத்துக்குச் சுருக்கியதும் ஹம் கிட்டத்தட்டப் போய்விட்டது.

சேஞ்சரில் இறுகிப்போன கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்தேன். மோட்டாரிலிருந்து தட்டுக்குச் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் சக்கரம் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. என் கணக்குப்படி புதிது வாங்க வேண்டும். ஆனால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பிடித்துக்கொண்டதால் விட்டுவிட்டேன். ஊசியை மட்டும் வாங்கினோம். மொத்தச் செலவில் பெரிய தொகை அதுதான். ஒரு பக்கம் எல்பிக்கு, திருப்பினால் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டுக்கு. 78 ரெக்கார்டின் பள்ளம் அகலம், முனை 75 மைக்ரான் அளவில் வேண்டும். எல்பிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. மாற்றி வைத்தால் எல்பி பாழாகும். எது எது என்று ஆயா நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக்கொண்டார்.

முடிவில் நிலவரம்

கார் ரேடியோ மூடிக்கு உள்ளே, பழைய ரேடியோ இருந்த பள்ளத்தில் படுத்திருக்கிறது. மூடினால் வெளியே எதுவும் தெரியாது. ஊர்ப் பெயர்கள் எழுதிய பழைய டயல் கண்ணாடியை அப்படியே விட்டோம். மொசாம்பிக்கிலிருந்து 1975 வரை வந்துகொண்டிருந்த எல்.எம். ரேடியோவை அதில் தேடித் தேடிக் கேட்டதை அண்ணா சொல்லிக்கொண்டிருந்தார். பின்பலகையில் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்று செங்குத்தாக ஒட்டியிருக்கிறது. எஃப்எம்முக்குக் கால் அலை நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். 1983இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய நிலையம் அதில் சுத்தமாக வருகிறது.

கரண்ட் போனால் ரெக்கார்டு மட்டும் பாடாது. அதன் மோட்டார் 230 வோல்ட்டில்தான் ஓடும். இன்வர்ட்டர் ஒன்று சேர்த்தால் ஓட்டலாம், ஆனால் மலிவான இன்வர்ட்டரின் சதுர அலையில் அந்த மோட்டார் சூடாகும், முனகவும் செய்யும். ஆயாவிடம் சொன்னேன். “கரண்ட் இல்லாதப்ப காவடிப் பாட்டு போதும்” என்றார்.

மினி ஹைஃபையின் மிச்சத்தைக் குப்பையில் போட முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட இங்கே தடை. போர்டுகளையும் பிளாஸ்டிக்கையும் மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் சேர்த்தோம். அதன் டிரான்ஸ்ஃபார்மரை நான் எடுத்துக்கொண்டேன்.

பாக்கி இருப்பது இரண்டு. ரெக்கார்டு கையின் நுனி ப்ளக்கில் இடது பக்கம் சில சமயம் விட்டுவிட்டு வருகிறது. கிளீனர் அடித்தால் சில வாரம் நிற்கிறது. அந்தப் பின்களை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று பேட்டரி: போட்ட தேதியை மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த ஊர் வெயிலில் மூன்று, நாலு வருஷத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.